லூபியே ஏட்டின் கடைசிக் கல்யாணம்

செவ்வாய்க்கிழமை வெர்ஸாக் ஊராட்சி அலுவலகம். வியாழக்கிழமை ஓடைக்கு அக்கரையில் லூபியே அலுவலகம். இரண்டுக்கும் எழுத்தர் இரேன் என்கிற நான் ஒருத்திதான். எங்கள் காந்தால் மாவட்டத்தில் அறுபது பேர் இருக்கும் ஊருக்கும் தனித் தலைவர், தனி முத்திரை உண்டு கண்ணுகளா. ரோஷமும் தனி.

வெர்ஸாக்கின் துணைத்தலைவர் ஓதிலோன். லூபியே மன்ற உறுப்பினர் செலஸ்தீன். இருபது வருஷமாக ஞாயிறு மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேசையில்தான். கல்யாணம் மட்டும் ஆகவில்லை. எந்த ஊர்க் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது என்பதில் இருவருமே இறங்கி வரவில்லை.

அந்த ஆண்டு மாவட்டத் தலைநகரிலிருந்து ஆணை வந்தது. ஜனவரி முதல் தேதி இரண்டு ஊரையும் பக்கத்துப் பெரிய ஊரான மோன்ரொக்கோடு இணைத்துவிடுவார்கள். இங்கே இரண்டு அலுவலகத்தையும் மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு கல்யாணம் என்றால் மோன்ரொக்கில்தான்.

டிசம்பர் பதினெட்டு, வியாழன். லூபியே அலுவலகத்துக்கு இருவரும் வந்து நின்றார்கள்.

"மோன்ரொக்குக்காரன் முன்னாடி போய் நிக்கணுமா? நம்ம மாட்டுச் சந்தையையே தூக்கிட்டுப் போனவனுங்க!" என்றாள் செலஸ்தீன்.

"அதான் சொல்றேன், வெர்ஸாக்குக்கு வா."

"நீ இங்க வாயேன். பாலம் ரெண்டு பக்கத்துலேருந்தும் ஒரே நீளந்தானய்யா?"

"சண்டையை அப்புறம் வச்சுக்குங்க," என்றேன். "கல்யாண அறிவிப்பு பத்து நாள் ரெண்டு ஊர் அலுவலகக் கதவுலயும் இருக்கணும். இன்னைக்கு ஒட்டலைன்னா அடுத்து நான் வர்றது செவ்வாய்தான், அப்புறம் வருஷம் முடியறதுக்குள்ள ஆகாது."

ஓதிலோன் தொப்பியைக் கழற்றினார். சன்னலுக்கு வெளியே பனியில் தெரிந்த தன் ஊர்க் கூரைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"லூபியேன்னே எழுதும்மா, இரேன். ஊருதான் போகுது. இவளும் போயிடக் கூடாது."

"இதைச் சொல்ல இருபது வருஷமாய்யா ஒனக்கு?" என்றாள் செலஸ்தீன்.

அன்றே பாலத்தைக் கடந்து போய் வெர்ஸாக் கதவிலும் ஒட்டினேன்.

முப்பதாம் தேதி கல்யாணம். செவ்வாய்தான், ஆனாலும் வெர்ஸாக் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு லூபியேக்கு வந்தேன். ஓதிலோன் வெர்ஸாக்கின் மூவண்ணப் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். அது கல்யாணத்தை நடத்திவைப்பவர் கட்டும் பதவிப் பட்டை, மாப்பிள்ளை கட்டக்கூடாது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். கையெழுத்துப் போட்டவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பெயருக்கு அடியில், பெயரை விடப் பெரிதாக, 'வெர்ஸாக்' என்று எழுதினார்.

"அந்த ஊர்ப் பேரை அடிச்சிரு, இரேன்," என்று செலஸ்தீன் சிரித்தாள்.

நான் அடிக்கவில்லை. மை காயும்வரை ஏட்டை விரித்தே வைத்திருந்தேன். மறுநாள் மிச்சமிருந்த வெற்றுப் பக்கங்களில் குறுக்குக்கோடு போட்டு, முத்திரை குத்தி, மூடினேன். அந்த முத்திரையை மறுபடி தொட எனக்கு வேலை வரவில்லை.