உஷ் அக்காவின் தூக்கம்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பதே அவளுடைய பாதிப் பேச்சு. அதனால் வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டரம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவள் உஷ் அக்காதான். நர்ஸ் வேலையில் பதினேழு வருஷம். வார்டின் பொறுப்பும் அவளிடமே இருந்தது.

பதினோரு கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் அவசரப்பட்டு வந்துவிட்ட ஓர் உயிர், மூக்கில் குழாயும் பாதத்தில் ஒட்டிய சிவப்பு விளக்குமாக. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். திரையை இழுத்துவிட வேண்டும். பெட்டிகளின் மேல் துணி போர்த்த வேண்டும். ரத்தம் எடுக்க வருகிறவர் வாசலோடு திரும்பிவிட வேண்டும். ஆபத்து என்றால் தவிர யாரும் எந்தக் குழந்தையையும் தொடக்கூடாது.

மூன்றாம் பெட்டிக் குழந்தையின் தாய்க்கு அது பிடிக்கவில்லை. "காலையிலேர்ந்து கண்ணே திறக்கல சிஸ்டர். என்னைப் பாக்கவே மாட்டேங்குது" என்று அழுதாள்.

உஷ் அக்கா துணியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். "சும்மா தூங்குதுன்னா நினைக்கிறே? உள்ள பெரிய வேலை நடக்குதும்மா. இமைக்குள்ள கண்ணு ஓடுது பாரு. விரல் துள்ளுது பாரு. இது என் விரல், இது என் காலுன்னு மூளை ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துத் தெரிஞ்சுக்குது. உன் வயித்துக்குள்ள இருந்து பண்ண வேண்டியதை இங்க பண்ணுது. நாம தொட்டுத் தொட்டு எழுப்பினா வேலை பாதியில நின்னுடும்."

தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட ஆரம்பித்தாள்.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொன்னவள் தூங்கி ஐந்து வாரமாகியிருந்தது. அடியோடு தூங்கவில்லை என்றில்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், அதுவும் வாணலியில் போட்ட கடுகு மாதிரி. இரண்டு நர்ஸ்கள் வேலையை விட்டுப் போனதும், அவர்கள் பங்கையும் சேர்த்து ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாற்றி மாற்றிப் பார்த்ததில் அவள் உடம்புக்குக் கிழக்கு மேற்கு தெரியாமல் போயிற்று. படுத்தால் காதுக்குள் 'டிங், டிங்' என்று வார்டின் மணி, குழந்தைக்கு மூச்சு குறைந்தால் பெட்டியில் அடிக்கிற எச்சரிக்கை மணி, அடிக்கும். எழுந்து போய்ச் சமையலறைக் குளிர்பெட்டியில் காது வைத்துப் பார்ப்பாள். வாஷிங் மெஷினின் வயரைப் பிடுங்குவாள். மணி நிற்காது.

அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். தலை சாய்ந்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத ஜாதகம். அவனையும் ஒருநாள் உலுக்கி எழுப்பினாள்.

"உங்களுக்குக் கேக்குதா இல்லையா?"

"என்னது?"

"மணி. அடிச்சுக்கிட்டே இருக்கே."

அவன் எழுந்து உட்கார்ந்து உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டான். "ஒண்ணும் இல்லம்மா. நீ லீவு போடு. முகத்தைக் கண்ணாடியில பாத்தியா?"

"லீவு போட்டா அந்தப் பிள்ளைங்களை யாரு பாப்பா? நீங்க வந்து பாக்கறீங்களா, ஸ்பேனரை எடுத்துக்கிட்டு?"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சிரித்தது மறுநாள் சாயங்காலம் வரை நெஞ்சில் முள்ளாக நின்றது. முன்பெல்லாம் இந்த மாதிரிக் கிண்டலை அவள்தான் முதலில் ஆரம்பிப்பாள். இப்போது எதைத் தொட்டாலும் சுருக்கென்றது. ஏறிய பஸ்ஸில் மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கினாள். சாவியை வைத்த இடம் மறந்து வீட்டு வாசலில் நின்று அழுதாள். வார்டில் இரண்டு பேர் மெல்லப் பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று பட்டது. மெல்லப் பேசச் சொல்லிப் பழக்கியவளே அவள்தான் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

சந்தேகத்தின் முக்கால் பங்கு, பென்சில் என்று எல்லோரும் கூப்பிடுகிறவள் மேல் விழுந்தது. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு திரியும் இளம் நர்ஸ் அவள். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம். கெட்டிக்காரி. தன் இடத்துக்குக் கண் வைத்திருக்கிறாள் என்று உஷ் அக்கா தனக்குத்தானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தாள்.

அன்று வியாழக்கிழமை, இரண்டு மணி தாண்டி இருபது நிமிஷம். திரைகள் இழுத்திருந்தன. குறைமாதக் குழந்தைகள் சில சமயம் மூச்சு விட மறந்துவிடும். அதை ஞாபகப்படுத்த, காபியில் இருக்கிற அதே சத்தை மருந்தாக, நாளுக்கு ஒரு வேளை, துளிக்கணக்கில் கொடுப்பார்கள். அந்த மருந்தை ஊசிக்குழலில் ஏற்றிக்கொண்டு உஷ் அக்கா மூன்றாம் பெட்டியின் ஜன்னலைத் திறந்தாள். யாரும் தொடக்கூடாத நேரத்தில் அவளே கை நீட்டுவதைப் பார்த்துப் பென்சில் ஓடி வந்தாள்.

"அக்கா, அது காலையிலேயே குடுத்தாச்சு."

"யாரு குடுத்தா?"

"நீங்கதான். கையெழுத்து இருக்கு பாருங்க."

பெட்டியில் தொங்கிய மருந்துத் தாளில் அவள் கையெழுத்தேதான். வால் நீண்ட கடைசி எழுத்து உட்பட. ஆனால் போட்ட நினைவு ஒரு துளிகூட இல்லை. ஏதோ ஒரு கதவு உள்ளே அறைந்து திறந்தது போல அவள் கத்திவிட்டாள்.

"என் கையெழுத்தை நீ போட்டுட்டு என்னைப் பைத்தியம்னு காட்டப் பாக்கறியா? எத்தனை நாளாடீ நடக்குது இது?"

அந்த வார்டில் யாரும் அப்படியொரு குரலைக் கேட்டதில்லை. பதினோரு பெட்டிகளிலும் கைகால்கள் திடுக்கிட்டு விரிந்தன. ஒரு பெட்டியின் மணி அடித்தது, பிறகு நாலு பெட்டிகளில், பிறகு எல்லாவற்றிலும். இந்தத் தடவை மணிகள் நிஜம். மூன்றாம் பெட்டிக் குழந்தையின் மார்பு ஏறவில்லை. உதட்டோரம் நீலம் படர்ந்தது. பென்சில் அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே கை விட்டு, குழந்தையின் முதுகை இரண்டு விரலால் நீவினாள். ஏழு எண்ணிக்கை. எட்டு. மார்பு ஏறியது. உஷ் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையில் ஊசிக்குழலோடு சுவரோரம் ஒதுங்கி நின்று, அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அடங்கியதும் ஊசிக்குழலைத் தட்டில் வைத்துவிட்டு நேராகப் பெரிய டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தவறுகளை எழுதும் நோட்டை வாங்கித் தன் கையாலேயே எழுதினாள். நாலு வரி எழுத இருபது நிமிஷம் பிடித்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "கீழே மனநல டாக்டரைப் பாருங்க சிஸ்டர். இப்பவே. நான் போன் பண்றேன்."

"எனக்கு மனசுல ஒண்ணுமில்ல டாக்டர். தூக்கம்தான் இல்ல."

"தூக்கம் போனதால மனசு கெட்டுதா, மனசு கெட்டதால தூக்கம் போச்சாங்கிற பஞ்சாயத்தை அவர் பாத்துப்பார். நீங்க மத்தவங்களுக்குச் சொல்றதை நானா உங்களுக்குச் சொல்லணும்?"

கீழே இருந்த டாக்டர் குட்டையானவர், கேள்விகளும் குட்டை. சாகலாம் என்று தோன்றியதா என்று கேட்டார். "தோணல. ஆனா எங்கயாவது காணாமப் போயிடலாம்னு தோணுச்சு" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அது தனக்குள் இருந்தது அவளுக்கே தெரிந்தது.

ஆறு வாரம் விடுப்பு. கொஞ்ச நாளைக்கு ஒரு மாத்திரை. கூடவே ஒரு விசித்திரமான வைத்தியம்: ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முன்னால் படுக்கக்கூடாது, காலை ஐந்தரைக்கு மேல் படுக்கையில் இருக்கக்கூடாது, பகலில் கண்ணசரக்கூடாது. படுத்துத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். தூங்காதவளைத் தூங்கவிடாமல் செய்வது என்ன நியாயம் என்று அவள் சண்டை பிடித்தாள். "படுக்கையைப் பாத்தா உங்க மூளைக்கு இப்போ பயம்தான் ஞாபகம் வருது. அந்தப் பழக்கத்தை மாத்தணும். சலிப்பாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

சலிப்பு என்ற சொல் போதாது. பத்து மணிக்குக் கண் செருகும். கணவன் பக்கத்தில் உட்கார்ந்து அவளை விழிக்க வைக்கப் பழைய வேலைக் கதைகள் சொல்வான். கதை முடியுமுன் அவனே குறட்டை விடுவான். அவன் மூக்கைப் பிடித்து எழுப்புவது அவள் பொறுப்பாயிற்று. முதல் வாரம் நரகம். இரண்டாம் வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வேலையை ராஜினாமா செய்துவிடுவதாகச் சொன்னாள். பதினாறாம் நாள் நாலு மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கினாள். அடுத்த நாள் மறுபடி கொட்டக் கொட்ட விழிப்பு. அதற்கடுத்த வாரம் ஐந்து மணி நேரம். மணிச்சத்தம் எந்த நாளில் நின்றது என்று அவளால் குறிப்பாகச் சொல்ல முடியவில்லை. ஒரு காலை குளிர்பெட்டியில் பால் எடுக்கும்போது, அதில் காது வைத்துப் பல நாளாகிவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

திரும்பிப் போனபோது பொறுப்பு பென்சிலிடம் போயிருந்தது. உஷ் அக்கா அவளைத் துணி அறைக்குக் கூட்டிப் போனாள்.

"அன்னிக்கு நான் சொன்னது..."

"விடுங்கக்கா."

"விட மாட்டேன். நீ இல்லைன்னா அந்தப் பிள்ளைக்கு ரெண்டாம் தடவை ஏத்தியிருப்பேன். உன்னைத் திருடி மாதிரி பேசிட்டேன். மன்னிச்சிடு."

பென்சில் துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். "ரொம்பக் கோவமா இருந்துச்சுக்கா. இன்னும் கொஞ்சம் இருக்கு. போயிடும்" என்றாள்.

உஷ் அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்தது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது தூக்கம் அவளை ஏமாற்றியது. அப்படியொரு காலையில் பென்சிலிடம் போய், "ராத்திரி ரெண்டு மணி நேரம்தான். இன்னிக்கு நான் மருந்து தொட மாட்டேன். துடைக்கிற வேலை குடு" என்றாள். சொல்லும்போது காது மடல் சுட்டது. பென்சில் அதைத் தேதியோடு ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அவளுக்குக் காலிப் பெட்டிகளைக் கழுவும் வேலை கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு நர்ஸ் பென்சிலின் மேஜைக்கு வந்து, "எனக்கும் இன்னிக்கு மருந்து வேண்டாம். என் பொண்ணுக்குக் காய்ச்சல், கண்ணே மூடல" என்றாள். மறுநாள் ஒருத்தி. வெள்ளிக்கிழமை மூன்று பேர். அதில் ஒருத்தி சொல்லும்போதே உடைந்து அழுதாள், நாலு மாதமாக இப்படித்தான் என்று.

பென்சில் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, நீங்க ஆரம்பிச்சு வச்சது இப்போ மருந்து ஏத்த ஆளே இல்லாம ஆயிடுச்சு."

"ஆளு முன்னாலயும் இல்லடீ. நாம இருக்கிற மாதிரி காட்டிக்கிட்டு இருந்தோம்."

பெரிய டாக்டரம்மா, அந்தப் பெயர்களையெல்லாம் பென்சில் குறித்து வைத்த தாளை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தார். மற்ற வார்டிலிருந்து இருவரை வரவழைத்து மருந்து வேலையைக் கொடுத்தார். பிறகு தாளை மடித்து, "நிர்வாகத்துக்காரர் இருக்காரா? இன்னும் நர்ஸ் போடச் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படியை நோக்கி நடந்தார். உஷ் அக்காவும் பின்னாலேயே போனாள். படியில் யாரோ சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களை உஷ் என்று அடக்க அவளுக்கு அன்று நேரமில்லை.