கண்மூடி அண்ணியின் எடை

கொழுந்தன் புது டிஜிட்டல் கேமராவில் சரியாக விழாத படங்களை அழித்த மறுநாள் காலை, பார்சல் ஆபீஸ் தராசில் கண்மூடி அண்ணி இரண்டு கிலோ குறைந்திருந்தாள். அங்கே மூட்டைகளை எடைபோட்டுச் சீட்டு ஒட்டுவது அவள் வேலை. வேலை தொடங்குமுன் தராசைச் சோதிக்கத் தானே ஏறி நிற்பாள். தராசில் கோளாறு இல்லை. போட்டோ எடுக்கும் நொடியில் கண்ணை மூடிவிடுவது அவளுக்குப் பிறவிப் பழக்கம். பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். பிலிம் காலத்தில் அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட்டு வந்தபின், விழுந்தது விழுந்ததுதான். பள்ளிக்கூடத்தில், கல்யாணத்தில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்று எல்லாப் படத்திலும் கண்மூடியபடியே ஆல்பத்தில் ஏறிவிட்டாள்.

கொழுந்தன் கெட்டவனில்லை. பிலிமின் கதை முடிந்தது, வீட்டுக்கு வீடு இனி டிஜிட்டல்தான் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். நூறு எடு, நல்லதை வைத்துக்கொள், மிச்சத்தைத் தூக்கிப் போடு என்பது அவன் கொள்கை. மிச்சம் என்பது பெரும்பாலும் அண்ணிதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் அழிக்க அழிக்க, அவளில் கொஞ்சம் போயிற்று. முதலில் நிழல் வெளிறியது. அடுத்த வருஷம் அவள் ஜன்னலோரம் நின்றால், எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டைகள் அவள் வழியாகவே தெரிந்தன. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பஸ் ஓட்டும் கணவன் வீட்டு மின்விசிறியை எப்போதும் ஒன்றிலேயே வைத்தான்.

"ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து வெச்சுக்கோங்களேன் அண்ணி. எல்லாம் சரியாயிடும்" என்று கொழுந்தன் கெஞ்சினான்.

"என் கண்ணு, நான் மூடுவேன். நல்லா இருக்கு, நல்லா இல்லைன்னு மார்க் போட நீ யாருடா?"

அன்றே பீரோவிலிருந்து பழைய கேமராவை எடுத்து, ரோல் போட்டு, கணவன் கையில் கொடுத்தாள். வழக்கம்போலக் கண் மூடித்தான் விழுந்தது. ஆனால் பிரிண்ட் வந்த அன்று, போன எடையில் பாதி திரும்பியிருந்தது. அதிலிருந்து டிஜிட்டல் தின்றதை பிலிம் ஈடுகட்ட, குடித்தனம் ஓடியது. ரோல் விற்றுக் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் செல்போன் உறை விற்கப் போனார். அண்ணி வெளியூர்க் கடைகளில் தேடி ரோல் வாங்கினாள். பிறகு அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள். கொழுந்தன் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது எங்கேயும் ஒரு ரோல் இல்லை. அண்ணியோ காய்ந்த துண்டு கனம்தான் இருந்தாள். இன்னும் ஒரு படம் அழிந்தால் ஆளே இருக்கமாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். குடும்பப் படத்துக்கு வராமல் ஒதுங்கியிருக்கச் சொன்னார்கள். அவள் நேராக வந்து நட்டநடுவில் நின்றாள்.

கொழுந்தன் எடுத்தான், பார்த்தான். கட்டைவிரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

"அப்பா, பெரியம்மா மேல கை வைக்காதீங்க!" என்று மணமேடையிலிருந்தே மகள் கத்தினாள்.

அழிக்காமல் இன்னொன்று எடுத்தான். அதில் அண்ணனும் கண்ணை மூடியிருந்தான். அடுத்ததில் அண்ணன் பிள்ளைகள். அதற்கும் அடுத்ததில் மணப்பெண்; அவளைப் பார்த்து, ஒன்றும் தெரியாத மாப்பிள்ளையும். திட்டினான், கும்பிட்டான். கடைசியாக எடுத்ததில், மண்டபத்தில் நின்ற சொந்தபந்தம் மொத்தமும் இமையை இறுக்கிக்கொண்டு நின்றது. அதை அழித்தால் யார் யார் மிஞ்சுவார்கள் என்று ஒருமுறை தலைகளை எண்ணிப் பார்த்தான். கேமராவை நாற்காலியில் வைத்துத் தானாக எடுக்கும்படி முடுக்கிவிட்டு, ஓடிவந்து அண்ணி பக்கத்தில் நின்று தானும் கண்ணை மூடிக்கொண்டான்.

சாப்பாட்டுப் பந்தியில் அண்ணி உட்கார்ந்த நாற்காலி கிறீச்சிட்டது. அந்தப் படம் பெரிதாகப் பிரிண்ட் போட்டு இப்போது கொழுந்தன் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, எல்லாரும் நன்றாக விழுந்திருக்கிறார்கள் என்கிறார்கள்.