லோர்னாவின் இடது இறக்கை

அருங்காட்சியகத்துப் பலகையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். இயந்திரக் கோளாறினால் போட்டியிலிருந்து ஓய்வு பெற்றது என்று போட்டிருக்கிறான். அவளுடைய இயந்திரத்தில் ஒரு கோளாறும் கிடையாது. அதைப் பிரித்துப் பூட்டியவன் நான். பலகை எழுதியவன் அப்போது பிறந்தே இருக்க மாட்டான்.

லோர்னா என்பது விமானத்தின் பெயர். வெண்டல் ஸ்ட்ரிக்லரின் பெண்டாட்டி பெயரும் அதுதான். போர்க்காலத்துச் சண்டை விமானம். துப்பாக்கிகளைக் கழற்றி, இறக்கை நுனிகளை வெட்டி, விமானியின் தலைக்கு மேலிருந்த கண்ணாடிக் கூண்டைச் சின்னச் சட்டியளவு குறுக்கி, நாங்கள்தான் அவளைப் பந்தயத்துக்கு மாற்றினோம். அமெரிக்காவில் ரீனோ என்கிற ஊருக்கு வடக்கே பாலைவனத்தில் செப்டம்பர்தோறும் பந்தயம் நடக்கும். நட்டுவைத்த கம்பங்களைச் சுற்றி, புதர்களைச் சீவிவிடுகிற உயரத்தில் பறக்க வேண்டும். வெண்டல் அங்கே நான்கு முறை தங்கக் கோப்பை வாங்கினான். தரையில் அவனுடைய ஆள் நான் ஒருவன்தான். என் பெயர் ஆர்லோ.

வேகமெல்லாம் இயந்திரத்தால் வருகிறது என்று சனங்கள் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. மீதி பட்டி. காரில் நசுங்கின இடத்தில் தடவுவார்களே, அதே பட்டிதான். இறக்கையில் இருக்கிற ஆணித்தலை, தகட்டு இணைப்பு எல்லாவற்றையும் பட்டியால் மூடி, உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்து, முட்டை ஓடுபோல் ஆக்கிவிடுவோம். காற்றுக்குப் பிடிக்க ஒரு பிசிறு இருக்கக்கூடாது. எல்லாக் கூட்டத்தாரும் இதைத்தான் செய்தார்கள். பட்டியில் மயிரிழைக் கீறல் விழுந்தால் மறுபடி பூசுவார்கள். "குளிர்ல சுருங்கிருச்சு" என்பார்கள். எவனும் சுரண்டிப் பார்த்ததில்லை. பளபளப்பாக இருந்தால் நல்லதாக இருக்கிறது என்று நினைக்கிற சாதி நாங்கள்.

லோர்னாவுக்கு இடது இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் வருஷாவருஷம் ஒரு மயிரிழை விழும். வசந்தத்தில் வெண்டல் தானே பூசிவிடுவான்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. முதல் வருஷம் நான் இறக்கைக்குக் கீழே குனிந்திருந்தபோதே அவன் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டான். என் தொப்பி விசிறியில் சிக்கித் தூளாகிவிட்டது. நான் கத்தின கத்தலில் அவன் ஒரு விதி போட்டான்: கடைசியாக நான் இடது இறக்கையின் அடியில், உடம்போடு சேரும் அந்த இடத்தில், கையால் இரண்டு தட்டு தட்டவேண்டும். அது கேட்காமல் அவன் இயந்திரத்தைத் தொடமாட்டான். வருஷங்கள் போகப்போக அது விதியாக இல்லாமல் வேறு ஏதோ ஆகிவிட்டது. சர்ச்சுக்குப் போகாத இரண்டு பேருக்கு அதுதான் சர்ச்சு.

கடைசி வருஷம் வெண்டலின் இதயம் தாளம் தப்ப ஆரம்பித்திருந்தது. பறக்கலாம் என்று அடுத்த வருஷம் கையெழுத்துப் போடமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முந்தின வருஷப் பந்தயத்தில் கோப்பை மூக்கு நுனி வித்தியாசத்தில் தவறிப்போயிருந்தது. அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவன் வாயில்.

சனிக்கிழமை தகுதி ஓட்டம் முடிந்து இறங்கினான். நான் துணியால் இறக்கையைத் துடைத்தேன். வியாழக்கிழமை புதிதாகப் பூசிய பட்டியில் மயிரிழை. நடுவில் குளிரும் இல்லை, ஒன்றும் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

கத்தியை எடுத்தேன்.

"டேய், பெயின்ட்டு!" என்றான் வெண்டல்.

"பெயின்ட் கெடக்கு, விடு."

சுரண்டினேன். பட்டிக்கு அடியில் தகட்டிலும் அதே கோடு. நகத்தை வைத்தால் நகம் மாட்டியது. வெண்டல் முட்டிபோட்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"மேல் தகடுதான்" என்றான்.

"உள்ள இறக்கையத் தாங்குற தூலம்?"

"உள்ள யாருடா பார்த்தா?"

"அதத்தான் நானும் சொல்றேன். எவனும் பாக்கல. இறக்கையக் கழட்டிப் பாக்கணும்."

"கழட்டினா நாளைக்கு?"

"நாளைக்கு இல்ல."

அவன் எழுந்துபோய்ப் பட்டி டப்பாவை எடுத்துவந்தான். அட்டைத் துண்டில் போட்டுக் குழைக்க ஆரம்பித்தான். தயக்கமே இல்லை. தயங்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நாலு கோப்பை வாங்கிக் குடுத்த இறக்கைடா இது. இன்னும் எட்டுச் சுத்து தாங்காதா?"

"எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது."

"அப்ப வாய மூடு."

"நாளைக்கு நான் தட்டமாட்டேன், வெண்டல்."

அவன் சிரித்தான். "தட்டுவ. உன்னால தட்டாம இருக்க முடியாது, கிழவா."

அந்த நேரத்தில் லோர்னா வந்தாள், மனுஷி லோர்னா. பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் உருளைக்கிழங்குக் கலவையும் கொண்டுவந்திருந்தாள்.

"என்ன, ரெண்டு கெழமும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு?" என்றாள். பட்டியைப் பார்த்தாள். "அவளுக்கு மட்டும் வருஷாவருஷம் மினுக்கு! எனக்கு ஒரு நாளாவது தடவி விட்டிருக்கியா நீ?"

"உனக்கெதுக்குடி? உனக்குத்தான் சுருக்கமே இல்லையே."

"ஐயோ பொய்யி! ஆர்லோ, இந்தப் பொய்க்கு நீதான் சாட்சி."

வெண்டல் உப்புத்தாள் தேடிப் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "நாளையோட முடியுதுல்ல? முழுசா வீட்டுக்கு வந்துருவார்ல?"

"கெழங்கு நல்லா இருக்கு" என்றேன்.

பந்தய அதிகாரிகளிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கழுத்தில் அட்டை மாட்டின எவனையும் நான் நம்பினதில்லை. சொன்னால் கீறலைப் பூசி மறைத்தவன் என்று வெண்டலின் பெயர் அந்தப் பாலைவனம் பூராவும் நாறும். நண்பனைக் காட்டிக்கொடுக்கிற வேலை என்னால் ஆகாது. தட்டாமல் இருப்பது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

ஞாயிறு பிற்பகல். பார்வையாளர் மேடைக்கு முன்னால் விமானங்களை வரிசையாக இழுத்து நிறுத்தியிருந்தார்கள். இடது இறக்கை முட்டை ஓடுபோல் மின்னியது. எங்கே சுரண்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. வெண்டல் உள்ளே இறங்கி, கூண்டை மூடிக்கொண்டான். லோர்னா கயிற்றுக்கு அந்தப்பக்கம் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒவ்வொன்றாக இயந்திரங்கள் கிளம்பின. பக்கத்து விமானம் புகையைத் துப்பிக்கொண்டு உறுமியது.

வெண்டல் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான். நான் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டேன். மறுபடி காட்டினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் முகத்தில் முதலில் சிரிப்பு இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. அதற்கப்புறம் வந்ததற்கு எனக்குப் பெயர் தெரியாது. தொலைந்துபோன பிள்ளைகள் முகத்தில் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

கிளப்புகிற பொத்தான் அவன் விரலுக்கடியில்தான் இருந்தது. என்னைக் கேட்காமலே அமுக்கியிருக்கலாம். தடுக்க யாரும் இல்லை.

மற்றவர்கள் நகர்ந்துபோனார்கள். எங்கள் மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஒவ்வொருவனாக மேலே ஏறினான். லோர்னாவின் விசிறி அசையவில்லை. மேடையில் ஒலிபெருக்கிக்காரன் ஏதோ இயந்திரக் கோளாறு என்று கத்தினான். அங்கிருந்துதான் அந்தப் பொய் தொடங்கியது.

பந்தயம் முடிகிறவரைக்கும் அவன் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். வேறொருவன் ஜெயித்தான். அப்புறம் கூண்டைத் திறந்து, தானாக இறங்கினான். நான் கை கொடுக்கப் போனேன். அவன் பிடிக்கவில்லை.

"வெண்டல்..."

"வீட்டுக்காரிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ போ."

அவன் என்னிடம் பேசின கடைசி வார்த்தை அதுதான். பத்திரிகைக்காரர்களிடம் இயந்திரக் கோளாறு என்றே சொன்னான். என் பெயரைச் சொல்லவில்லை. அதற்கு நான் நன்றி சொல்லவும் வழிவிடவில்லை. இறக்கையைக் கழற்ற ஒருத்தனையும் விடவில்லை. கழற்றியிருந்தால் எங்கள் இரண்டு பேரில் யார் சொன்னது சரி என்று தெரிந்துபோயிருக்கும். லோர்னாவை அப்படியே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டான்.

அவன் அதற்கப்புறம் சில வருஷம் இருந்து, வீட்டில், தூக்கத்தில் செத்தான். முழுசாக. சாவுக்கு நான் போனேன், கடைசி வரிசையில் நின்றேன். லோர்னா என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஏன் தட்டலன்னு கடைசிவரைக்கும் அவர் சொல்லல" என்றாள். "நீயாவது சொல்லுவியா?"

"இயந்திரக் கோளாறு" என்றேன்.

அவள் நம்பவில்லை. கையை மட்டும் விடவில்லை.

போன மாதம் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன். இடது இறக்கையில் அந்த மயிரிழை திரும்ப வந்திருக்கிறது. பறக்காமல் நிற்கிறபோதும். பட்டி சுருங்கியதா, தூலம் விரிந்ததா, இன்னும் எவனுக்கும் தெரியாது.

காவலுக்கு நிற்கிறவன் ஓடிவந்தான். "பெரியவரே, தொடக்கூடாது!"

"தொடமாட்டேன்டா" என்றேன். "அன்னைக்கே தொடல."

கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.