கல்லில்லாத தொழுவம்

யுத்தம் தொடங்கிய வருஷம், ஐப்பசி மழையில் பழங்காநத்தம் பொட்டலில் போட்டிருந்த சர்க்கஸ் கூடாரம் சரிந்து விழுந்தது. ஊரைவிட்டுக் கிளம்பிய முதலாளி, சர்க்கஸ் மிருகங்களுக்குத் தீவனம் கொண்டுவந்து போட்ட அவனியாபுரத்து விருமாண்டியிடம் தன் தீக்கோழியை விட்டுப் போனார். "பங்குனியில வந்து கூட்டிக்கிறேன். அடைச்சுப் போடாதே. வேணுங்கிறத அதுவே பொறுக்கித் தின்னுக்கிரும்."

ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. நெருப்பைத் தின்னும் என்று நம்பிக் கரண்டியில் கங்கு எடுத்துவந்த புத்திசாலிகளும் உண்டு. விருமாண்டிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"இமை மயிரப் பாருங்கண்ணே, எம்புட்டு நீளம்! புழுதிக் காத்து அடிச்சாலும் கண்ணுல தூசி விழாது. காலுக்கு ரெண்டே விரலு, ஓடுறதுக்குன்னே பொறந்தது."

அவன் மனைவி சோலையம்மாள் முதலில் கிட்டவே வரவில்லை. முந்தின வருஷம்தான் அவள் பிள்ளை காளை, தவழ்கிற வயதில், வாசலில் கிடந்த கூழாங்கல்லை வாயில் போட்டுத் தொண்டையில் சிக்கி, அவள் மடியிலேயே போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் தீக்கோழி அவள் முந்தானையைக் கொத்தி இழுத்தது. "விடுறா, களவாணி" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு விருமாண்டி அழுதேவிட்டான். இது உயிரோடு இருந்தால் இவளும் பிழைத்துவிடுவாள் என்று நினைத்தான்.

பிறகு அவள் கண்ணெதிரே அது ஒரு கல்லை விழுங்கியது. அந்த நீளக் கழுத்தில் கல் மெல்ல மெல்ல இறங்குவது வெளியே தெரிந்தது.

"கல்ல முழுங்கிருச்சுங்க! இதுவும் போயிரும்!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

அன்றே அதைத் தொழுவத்தில் அடைத்தாள். விடிந்தால் தரையைக் கூட்டி, சாணி போட்டு மெழுகுவாள். சோளத்தைப் புடைத்து, விரலால் துழாவிக் கல் பார்த்த பிறகுதான் வைப்பாள். சர்க்கஸ்காரர் சொன்னது விருமாண்டிக்கு நினைவிருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. என்ன மனுஷனோ! ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம்.

தை பிறந்தபோது தீக்கோழி மெலிந்திருந்தது. வயிறு மட்டும் உப்பிக் கிடந்தது. கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். மாசியில் அது தீனியைத் தொடவில்லை. ஓடுவதற்கென்றே பிறந்த கால்களை மடக்கி, மெழுகிய தரையில் கழுத்தை நீட்டிப் படுத்தது. எழுந்திருக்கவே இல்லை.

"எங்கிட்டோ ஒரு கல்ல விட்டுட்டேன். அதான் கொன்னுருச்சு. அறுத்துப் பாருங்க" என்று சோலையம்மாள் பிடிவாதம் பிடித்தாள்.

விருமாண்டி அறுத்தான். இரைப்பை நிறையச் சோளம், போட்டது போட்டபடி, ஒன்றுகூட அரைபடாமல் இறுகிக் கிடந்தது. கல் என்று சொல்ல, தேய்ந்துபோன எள்ளளவு பொடிதான் இருந்தது.

சோலையம்மாள் குனிந்து பார்த்தாள். எத்தனை கோழி அறுத்திருக்கிறாள்! ஒவ்வொரு தடவையும் இரைப்பையைக் கீறி, உள்ளே கிடக்கும் கல்லையும் மணலையும் இந்தக் கையால்தான் கழுவிக் கொட்டியிருக்கிறாள். பல்லில்லாத வாய்க்கு அரைக்கிற பல் அதுதான் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விருமாண்டி அவள் தோளைத் தொட்டான்.

"நான் ஒண்ணுகூட விடலைங்க" என்றாள். "அம்புட்டையும் பொறுக்கிட்டேன்."

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.