நெற்றிப் பட்டை

ஏழு குழந்தைகள் கிடந்த அந்தக் கண்ணாடி அறையில் தன் மகளுக்கு மட்டும் ஏன் நெற்றியில் பட்டை என்பது தெய்வசிகாமணிக்கு விளங்கவேயில்லை. மற்ற ஆறுக்கும் மூக்கில் குழாய், காலில் ஒயர், அவ்வளவுதான். இவளுக்கு அதெல்லாம் போக, புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் ஒரு ஒட்டுப் பட்டை, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் போய்ச் சேருமிடத்தில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டியில் எழுபத்திரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தது. பிறந்து இரண்டு நாள்தான் ஆகிறது.

கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டு பிறந்தவள். பிறந்ததும் அழவில்லை. மரக்காணத்திலிருந்து ஆம்புலன்சில் இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த பதற்றத்தில், நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். “மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் சரியா போவுதான்னு வெளியில இருந்தே வெளிச்சம் விட்டுப் பாக்குற மெஷின்” என்று டாக்டர் ஹம்னா பொறுமையாகத்தான் சொன்னார். தலையை ஆட்டினான். நம்பினானா என்றால், அது வேறு கதை. மண்டைக்குள் இருக்கிற மூளையை வெளியிலிருந்து பார்ப்பதாவது, ஊசி ஒன்று குத்தாமலா? போதாததற்கு டீக்கடையில் பெரியப்பா நடராசன் காதில் போட்டுவிட்டுப் போனார். “புது மெஷின் வந்தா யார் புள்ளைய வச்சிப் பாப்பானுங்க? நம்ம புள்ளையதான். ஏழுல உன் புள்ளைக்கு மட்டும் இன்னாத்துக்கு, கேட்டியா?”

கேட்டான். “உங்க பாப்பாவுக்குத்தாண்ணா தேவை” என்றாள் நர்ஸ் செந்தமிழ். இது ஒரு பதிலா? மணிக்கொரு தரம் எண்ணைக் குறித்துக்கொள்கிறாள், போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்புகிறாள். உப்பளத்தில் பத்து வருஷமாகப் பாத்தி மிதிக்கிறவன் அவன். உப்புத் தண்ணீரின் அடர்த்திக்கு டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாய் எப்போதும் மேஸ்திரி கையில்தான். குனிந்து பார்த்து அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் எண். முழங்கால் வரை தண்ணீரில் நிற்கிறவனிடம் ஒரு நாளும் காட்டியதில்லை. அதனாலேயே எண் சொல்கிறவர்கள் மேல் அவனுக்கு எப்போதும் ஒரு சந்தேகக் கண்.

காலையில் மாடி வார்டில் மனைவி கீதாஞ்சலி மை டப்பாவை அவன் கையில் திணித்திருந்தாள். தையல் போட்ட வலியில் அவளால் எழுந்து உட்காரவே முடியவில்லை. “நீங்களாவது ஒரு பொட்டு வச்சிட்டு வாங்க. ரெண்டு நாளா யார் யாரோ பாத்துட்டுப் போறாங்க எம் பொண்ண.”

பதினொரு மணிக்குப் பெற்றவர்களை உள்ளே விட்டார்கள். கை கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு தொட்டிலருகே நின்றான். செந்தமிழ் அந்தக் கோடியில் வேறொரு குழந்தை மேல் குனிந்திருந்தாள். பட்டையின் ஓரத்தை நகத்தால் மெல்ல நெம்பினான். ஊசி மட்டும் இருக்கட்டும், இந்த ஆஸ்பத்திரியை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்றிருந்தான். ஊசி இல்லை. துளையும் இல்லை. தோல் லேசாகச் சிவந்திருந்தது. பட்டையின் உள்பக்கம் கடுகத்தனை சிவப்பு வெளிச்சம். அதையும் அவன் நம்பவில்லை. திறந்ததுதான் திறந்தாயிற்று என்று அந்த இடத்திலேயே மையை அழுத்தி வைத்து, பட்டையை மேலே ஒட்டிவிட்டான். வெளியே வைத்தால் துடைத்துவிடுவார்கள், இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்.

அடுத்த நிமிஷம் பெட்டி கத்தியது. நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு.

பார்த்தாயா, ஒரு பொட்டு மைக்கு ஏமாறுகிற பெட்டி இது என்று முதலில் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. செந்தமிழ் ஓடிவந்தாள். பின்னாலேயே டாக்டர்.

“பட்டை ஒட்டியிருக்குதா?”

செந்தமிழ் மேலாக அழுத்திப் பார்த்தாள். “நல்லா ஒட்டியிருக்குது டாக்டர்.”

“கால்ல தொண்ணூத்தஞ்சு காட்டுது, தலையில மட்டும் இறங்குதே. டியூப் ரெடி பண்ணுங்க.”

தட்டில் மூச்சுக் குழாய் வந்தது. அது போகப்போகும் தொண்டை அவன் சுண்டுவிரல் தடிமன்கூட இராது. சொன்னால் இனி இந்த வாசலை மிதிக்க விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் குழாய்.

“மேடம், நான்தான் அதத் தொறந்தேன். உள்ள மை வச்சிருக்கேன்.”

யாரும் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. ஹம்னா பட்டையை உரித்தார், பஞ்சால் துடைத்தார். “கறுப்பு, வெளிச்சத்த உள்ள விடாதுங்க” என்றார். துடைத்த இடத்தில் பழைய பட்டை ஒட்ட மறுத்தது. புதியது எடுக்க செந்தமிழ் ஓடினாள். “அவங்க வர்ற வரைக்கும் நீங்க இதப் புடிச்சிக்குங்க. அழுத்தாதீங்க.”

பிடித்தான். நாற்பத்தொன்பது. ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. அங்கேயே நின்றது.

“முன்ன எழுபத்திரெண்டு இருந்துச்சே மேடம்.”

“இருந்துச்சு.”

“அப்ப இது?”

“இப்ப இருக்கறது இதுதான். பாப்போம்.” அவர் கண் பெட்டியை விட்டு நகரவில்லை. குழாய்த் தட்டையும் நகர்த்தச் சொல்லவில்லை.

தான் நெம்பியதால் இறங்கியதா, பட்டை சரியாக உட்காராததால் இப்படிக் காட்டுகிறதா, இல்லை, பிள்ளைக்கே தானாக இறங்கிக்கொண்டிருந்ததை அந்த நேரத்தில் தன் மை மறைத்துவிட்டதா? இரண்டு நாளாகப் பொய் என்று அவன் சந்தேகப்பட்ட எண். இப்போது அது பொய்யாக இருந்து தொலையக் கூடாதா என்று வேண்டிக்கொண்டான்.

உப்பு தின்று வெடித்த அவன் விரலோரத்தில் பட்டையின் சிவப்பு வெளிச்சம் கசிந்தது. விரலுக்குக் கீழே, அழத் தெரியாத அந்தச் சின்ன நெற்றி ஒருமுறை சுருங்கி விரிந்தது. ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. அவன் விரலை அசைக்காமல் நின்றான்.