எட்வின் வாசித்த ஆறு மணிச் செய்தி

செலினா பில்லிங்கிற்குக் காது போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. முப்பத்து நான்கு வருஷம் ஆலையில் நான்கு விசைத்தறிகளுக்கு நடுவே நின்றவளுக்கு அது போகாமல் இருந்தால்தான் அதிசயம். இங்கிலாந்தின் வடக்கே நெசவாலை ஊரான ஹேல்ஷாவில் அதை யாரும் பெரிய குறையாக நினைப்பதில்லை. தறிச் சத்தத்தில் குரல் எடுபடாதென்பதால், அந்த ஊர்ப் பெண்கள் வேலைக்குச் சேர்ந்த மறுவாரமே வாயை அகலத் திறந்து, முகத்தையெல்லாம் அசைத்து, சத்தமில்லாமல் பேசப் பழகிவிடுவார்கள். ஆலையின் இந்தக் கோடியில் ஒருத்தி அடிக்கும் கேலி அந்தக் கோடியில் நிற்பவளைச் சிரிக்க வைக்கும். நடுவில் உலாத்தும் மேஸ்திரிக்கு, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதுகூடத் தெரியாது.

காது கேளாத அந்தப் பெண்பிள்ளைதான் யுத்தத்தின் மூன்றாம் வருஷம் வீட்டில் ஒரு ரேடியோப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். காரணம், அவளுடைய மூத்த மகன் எட்வின் லண்டன் வானொலியில் செய்தி வாசிக்க ஆரம்பித்திருந்தான்.

அதுவரை அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்ததெல்லாம் துரைமார் குரல்தான். ஒரு சொல்லை அவர்கள் ராகம்போல நீட்டுவார்கள். ஹேல்ஷாக்காரர்கள் அதையே ரொட்டித் துண்டுபோல நறுக்கென்று வெட்டுவார்கள். சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் வடக்கத்திப் பிள்ளைகளாயிற்றே, செய்தியையும் ஒரு வடக்கத்தியான் வாசிக்கட்டுமே என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. மான்செஸ்டரில் வானொலி நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்த எட்வினைக் கூப்பிட்டார்கள். பேச்சை மாற்றிக்கொள்ளாதே, வீட்டில் பேசுகிறபடியே வாசி என்றார்கள். ஜெர்மன்காரன் யாராவது புகுந்து பேசி ஏமாற்றிவிடக் கூடாதென்று வாசிப்பவர் தன் பெயரையும் சொல்ல வேண்டும். “வாசிப்பது எட்வின் பில்லிங்” என்று நாடே கேட்கும்.

பக்கத்து வீட்டு ஹில்டா, அவளும் நெசவுக்காரிதான், மாலையில் வந்து பெட்டியருகே உட்கார்ந்து, காதில் விழுவதை வார்த்தை விடாமல் உதட்டால் செலினாவுக்குச் சொல்லுவாள். மகனுடைய குரல் இப்படித்தான் அம்மாவிடம் வந்து சேர்ந்தது, இன்னொருத்தி வாய்வழியாக.

முதல் வாரம் தெருவே பூரித்தது. உள்ளூர் மாடு விலைபோகாது என்பது எங்கும் ஒன்றுதான். மூன்றாவது வாரம் பேச்சு மாறியது. யாரும் செலினாவின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் நெசவுக்காரியின் கண்ணுக்குத் தெருவின் அகலம் ஒரு பொருட்டா? ஜன்னலோரம் நின்று உருளைக்கிழங்கு உரித்தபடியே, எதிரே குடல்கறிக் கடை வாசலில் கடைக்காரர் நட்டால் தன் வாடிக்கையாளர்களிடம் சொன்னதையெல்லாம் அவள் பார்த்தாள்.

“செய்தியா அது? நான் குடல் விக்கிறாப்புல ரஷ்யாவைக் கூவி விக்கிறான்.”

“அவன் நம்மாளுதானப்பா.”

“அதான் சொல்றேன். நம்மாளுக்கு என்ன தெரியும்? துரை சொன்னா சேதி. பில்லிங் பையன் சொன்னா கடைத்தெருப் பேச்சு. லண்டன்காரன் நம்மளைப் பாத்துச் சிரிக்க மாட்டான்?”

செலினா கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். எட்வினுக்கு எழுதும் கடிதத்தில் இதையெல்லாம் எழுதவில்லை.

இளையவன் கிளிஃபர்ட் கடற்படையில் இருந்தான். ‘எல்மர்டன்’ என்ற கப்பலில் கொதிகலனுக்கு எண்ணெய் விடுகிற வேலை. கடைசியாக எழுதிய கடிதத்தில், “அண்ணன் குரலைக் கேட்டா இங்க நம்ம பக்கத்துப் பசங்க எல்லாம் தொப்பியைத் தூக்கி எறியிறாங்கம்மா, அதிகாரிங்கதான் மூஞ்சியைச் சுளிக்கிறாங்க” என்று எழுதியிருந்தான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆறு மணிச் செய்திக்கு அன்று ஹில்டாவோடு, மாவு பிசைந்த விரல்களைத் துடைத்துக்கொண்டே இரண்டு பெண்கள் வந்தார்கள். ஆலைக் கணக்கரும் நட்டாலும் வந்தார்கள். நட்டால் வீட்டுப் பெட்டியில் பேட்டரி தீர்ந்திருந்தது. குறை சொல்வதற்காவது கேட்க வேண்டுமே.

ஹில்டாவின் உதடுகள் ஓடிக்கொண்டிருந்தன. சிங்கப்பூர் என்றன. ரஷ்யா என்றன. பிறகு நின்றுவிட்டன.

செலினா அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“சொல்லு” என்றாள் செலினா. காது போனவர்களுக்கு வரும் உரத்த குரல் அவளுக்கு.

“ஆன்டி...”

“தறி நின்னா நூல் அறுந்திருக்குன்னு தெரியாதா எனக்கு? சொல்லுடி கண்ணு.”

ஹில்டா சொன்னாள். எல்மர்டன் மூழ்கிவிட்டது. பிழைத்தவர்கள் இல்லை. உறவினர்களுக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டுவிட்டது.

அந்தக் கடைசி வரியைத்தான் நட்டால் பிடித்துக்கொண்டார். கெட்ட மனிதரில்லை அவர். எழுந்து வந்து, செலினாவின் முகத்துக்கு எதிரே குனிந்து, ஒவ்வொரு சொல்லையும் பெரிதாக வாயசைத்துச் சொன்னார்.

“உனக்குத் தந்தி வந்துச்சா?”

“இல்ல.”

“பின்ன? தெரிவிச்சாச்சுன்னு வாசிக்கிறான், உனக்கு ஒண்ணும் வரல. அப்ப என்ன அர்த்தம்? கப்பல் பேரைத் தப்பா வாசிச்சிருக்கான். எட்வின் நல்ல பையன்தான். ஆனா இந்த வேலைக்கு வளர்ந்தவன் இல்லியேம்மா.”

“ஆமாம் செலினா” என்றார் கணக்கர். “சொந்தத் தம்பி கப்பலுன்னா குரல் நடுங்கியிருக்காதா? கொஞ்சம்கூட நடுங்கல. நாங்க கேட்டோமே.”

“ஒம்பது மணிக்கு அந்தத் துரை வாசிப்பாரு. அவரு சொல்லட்டும். அதுவரைக்கும் நீ எதையும் மனசுல ஏத்திக்காத” என்றார் நட்டால்.

அறை முழுக்கத் தலைகள் ஆடின. யாரோ தேநீர் போடப் போனார்கள். அந்த முகங்களில் இருந்தது இரக்கம்தான். அதில் பொய் இல்லை. ஒரு நிமிஷம் செலினாவுக்கும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட ஆசையாக இருந்தது. எவ்வளவு சுலபம். மூத்தவனுக்குச் செய்தி வாசிக்கத் தெரியாது என்று ஒப்புக்கொண்டால் போதும், சின்னவன் மூன்று மணி நேரம் உயிரோடு இருப்பான். கொதிகலன் பக்கத்தில் நின்று, முகமெல்லாம் எண்ணெயோடு, இன்னும் மூன்று மணி நேரம்.

அவள் ஹில்டாவைத் தன் பக்கம் திருப்பினாள்.

“குரல் நடுங்கலியா?”

“இல்ல ஆன்டி.”

“மெதுவா வாசிச்சானா?”

ஹில்டா யோசித்தாள். “ஆமா. அந்த எடத்துல மட்டும். இருட்டுல படி எறங்குறாப்புல. ஒவ்வொரு வார்த்தையா.”

எட்வினுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அவன் அப்பா கல்குவாரியில் இறந்துபோனார். சேதி சொல்ல அவனைத்தான் ஆலைக்கு அனுப்பினார்கள். தறிகளுக்கு அந்தக் கோடியில் நின்று, அழாமல், நடுங்காமல், அம்மாவுக்கு ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதே என்று மெதுவாக, மிக மெதுவாக, வாயசைத்துச் சொன்னான். சொல்லி முடித்து, அவள் தறியை நிறுத்திய பிறகுதான் தரையில் உட்கார்ந்தான்.

செலினா எழுந்தாள். தெருவைப் பார்த்த ஜன்னலின் திரையைக் கீழே இழுத்துவிட்டாள்.

ஹேல்ஷாவில் யுத்த இருட்டடிப்புக்குக் கட்டும் கறுப்புத் துணி வேறு, இந்த வெள்ளைத் திரை வேறு. பகலோ இரவோ, சாவு விழுந்த வீட்டில்தான் இதை இறக்குவார்கள். நட்டால் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார்.

“என்ன காரியம் பண்றே? உசுரோட இருக்கிற பிள்ளைக்குத் திரை போடாத. அபசகுனம்.”

“எங்க எட்வின் சொல்லிட்டான்” என்றாள் செலினா.

“துரை இன்னும் சொல்லலியே.”

“அவரு சொல்றப்ப உங்களுக்குத் தெரியட்டும். எனக்குத் தெரிஞ்சாச்சு. போயிட்டு வாங்க.”

ஒன்பது மணிக்கு, அடுத்த தெருவில் ஒரு வீட்டில் எல்லோரும் கூடிக் கேட்டார்கள். நீண்டு இழையும் அந்த அழகான குரல் அதே பெயரைச் சொன்னது, அதே வரிகளைச் சொன்னது. அப்போதுதான் நட்டால் தொப்பியைக் கழற்றினார். அப்போதுதான் பெண்கள் அழுதுகொண்டே வந்து கதவைத் தட்டினார்கள். செலினாவுக்குத் தட்டுவது கேட்காது; கதவு அதிர்வது தெரியும். அவள் திறக்கவில்லை. பழைய விலாசத்துக்குப் போய் அலைந்த தந்தி, மறுநாள் மத்தியானம் வந்தது.

ஏப்ரலில் எட்வினைச் செய்தியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் லீவில் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். அம்மாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்ன வயதில் பேசியதுபோலவே உதட்டால் பேசினான்.

“கடுதாசி மூட்டை மூட்டையா வந்துச்சாம். இந்தக் குரல்ல கேட்டா எதையும் நம்ப முடியலன்னு. லண்டன்காரங்களுக்குப் பிடிக்கலம்மா. அவ்ளோதான்.”

செலினா அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். மார்ச் மாதம் முழுக்க எட்வினை மாற்றச் சொல்லி வானொலிக்கு எழுதிய ஒரு தாளை நட்டால் தன் கடை வாசலில் வைத்துக் கையெழுத்து வாங்கியதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தாள். ‘நம்ம ஊருக்கே அவமானம்’ என்று அவர் உதடு சொன்னதையும், கணக்கர் கையெழுத்துப் போட்டதையும், ஹில்டாகூடக் கொஞ்சம் தயங்கிப் பேனாவை வாங்கியதையும் பார்த்திருந்தாள்.

“நம்ம தெருவுல என்ன சொன்னாங்கம்மா?” என்று கேட்டான் எட்வின். “நீ ஒரு கடுதாசியிலயும் எழுதல.”

அவன் முகத்தில் இருந்த ஆவலை அவளால் பார்க்க முடியவில்லை. பன்னிரண்டு வயது முகம் அது.

“என்ன சொல்வாங்க? வேலையைப் போட்டுட்டு வந்து கேப்பாங்க. நம்ம பையன் வாசிக்கிறாப்புல வராதுன்னாங்க.”

“நட்டால் அங்கிள்கூடவா?”

“அவருதான் மொதல்ல வந்து உக்காருவாரு.”

எட்வின் சிரித்தான். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

“ஒரு நிமிஷம்மா. அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டு வந்துடுறேன்.”

தடுக்க அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஜன்னலுக்குப் போனாள். மகன் தெருவைக் கடந்து போய், குடல்கறிக் கடை வாசலில் தொப்பியைக் கழற்றுவதைப் பார்த்தாள். “அம்மா எல்லாம் சொன்னாங்க” என்று அவன் உதடுகள் சொல்வதைப் பார்த்தாள். நட்டாலின் கையை அவன் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான்.

நட்டால் வாயைத் திறந்தார். செலினா ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.