அத்திப்பட்டை

டிரைவரின் காலிலிருந்து வாடை வரத் தொடங்கிய பிறகுதான் அவர் மனைவி குனிந்து பார்த்தாள். இடது கால் பெருவிரல் கறுத்திருந்தது. கஷாயக் கறை என்று அவர் சாதித்தார். அத்திப்பட்டை வேகவைத்த சிவந்த தண்ணீரில் காலை முக்கிக்கொண்டு, யார் வந்து கூப்பிட்டாலும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். சர்க்கரை உடம்பு. போன வருஷம் கணுக்காலில் வந்த சின்னப் புண் இந்தத் தண்ணீரில்தான் ஆறியது. அன்றிலிருந்து கொல்லையில் நிற்கிற அத்திமரம்தான் அவருக்கு டாக்டர், நர்ஸ் எல்லாம்.

மரம் அவள் வளர்த்தது. குச்சியாக வாங்கி வந்து நட்டு, அரிசி களைந்த தண்ணீர் ஊற்றி, ஆடு வாய் வைக்காமல் முள் கட்டிக் காப்பாற்றினாள். இப்போது அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்த்தது. பட்டை எடுக்கிற பக்குவமும் அவளுக்குத் தெரியும். ஒரு பக்கம் கொஞ்சமாகச் சீவி, அந்தக் காயம் மூடிய பிறகே மறுபக்கத்தைத் தொடவேண்டும். சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும்.

அன்று காலை அவள் தம்பி ஆட்டோவோடு வந்து நின்றான். விரலோடு போகவேண்டியது காலோடு போய்விடும் என்று பயமுறுத்திப் பார்த்தான். மச்சான் சிரித்தார். சர்வீஸில் இருந்த காலமெல்லாம் எவன் பேச்சுக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பாத மனுஷர். தம்பி வெறுத்துப்போய் ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"தண்ணி ஆறிப்போச்சு. புதுப் பட்டை கொண்டா," என்றார் டிரைவர்.

அவள் அரிவாளோடு கொல்லைக்குப் போனாள். எப்போதும் சீவும் இடத்தில்தான் முதல் வெட்டு விழுந்தது. அதன் பிறகு கை நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தாள். கையகலப் பட்டை வளையமாகப் பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது.

சத்தம் ஓயாததைக் கேட்டு டிரைவர் சுவரைப் பிடித்தபடி நொண்டி வந்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது.

"என்னடி பண்ணிட்டே?"

"இனி இது பொழைக்காதுங்க. நீங்களாவது பொழைக்கணும். வாங்க."

அவர் மரத்தருகே போனார். தோளிலிருந்த துண்டை எடுத்து, உரிந்த இடத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். மரப்பால் துண்டை நனைத்துக்கொண்டு வெளியே வந்தது. வாசலில் ஹாரன் ஒலித்தது. அவர் முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டுக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய் அவருடைய வலது செருப்பை மட்டும் எடுத்து வந்து, குனிந்து, அவர் காலருகே பிடித்தாள். அவர் இன்னும் காலைத் தூக்கவில்லை.